பால்கனி ஆர்க்கிட்டில் கஷாயம் போடலாமா? கேள்வி பதில்

ஆர்க்கிட்டில் மருந்து இருக்கா என்று நம்ம ஏரியா ஆட்கள் கேட்டதற்கெல்லாம் மொத்தமாகப் பதில் இது. நான் தாவர வேதியியல் படித்தவன், வைத்தியன் இல்லை.

கொளத்தூர் அக்கா: சார், வீட்டுல ஊதா டென்ட்ரோபியம் வச்சிருக்கேன். சீனாவுல இதோட தண்டை மருந்தாக் குடிக்கிறாங்களாமே, நானும் கொதிக்க வைக்கலாமா?

வேண்டாம்மா. 'ஷி ஹூ' என்று அவர்கள் குடிப்பது டென்ட்ரோபியம் நோபிலே மாதிரி சில இனங்களின் தண்டு. அந்தப் பேரினத்தில் ஆயிரத்துக்கு மேல் இனங்கள் உண்டு. நோபிலேயில் டென்ட்ரோபைன் என்ற ஆல்கலாய்டு (உடம்பில் வேலை காட்டுகிற, நைட்ரஜன் உள்ள தாவரப் பொருள்) இருக்கிறது, 1932ல் பிரித்தெடுத்தார்கள். அளவு மீறினால் வலிப்பு வரவைக்கிற வகை அது. உங்களுடையது பூவுக்காக உருவாக்கிய கலப்பினம், மேலே நர்சரியில் அடித்த பூச்சிமருந்து வேறு. பூவைப் பாருங்க, போதும்.

ராயபுரம் அண்ணன்: லேகியத்துக்கு ராசப்ப செட்டி தெருவுல சாலாமிசிரி வாங்கினேன். அதுவும் ஆர்க்கிட்டாமே? 'அந்த' விஷயத்துக்கு வேலை செய்யுமா?

ஆமா, ஆர்க்கிட் கிழங்குதான். வெந்நீரில் போட்டெடுத்துக் காயவைப்பதால் கொம்பு மாதிரி இறுகியிருக்கும். உள்ளே முக்கியமாக இருப்பது குளுக்கோமன்னன் என்ற கரையும் நார்ச்சத்து. தண்ணீரை இழுத்துக்கொண்டு கொழகொழவென்று ஆகும், தொண்டைக்கும் குடலுக்கும் இதம். 'அந்த' விஷயத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது கிழங்கின் உருவம்தான்: இரண்டு உருண்டை ஜோடியாகத் தொங்கும். குளுக்கோமன்னன் அந்த வேலையைச் செய்யாது, அண்ணே. பால், நெய், பாதாம் எல்லாம் சேர்த்துக் கிண்டினால் தெம்பு வராமல் என்ன செய்யும்?

எனக்கு உறுத்துவது வேறு. ஒரு கிலோ மாவுக்கு ஆயிரத்திலிருந்து நாலாயிரம் கிழங்கு வரை வேணும். பெரும்பாலும் காட்டில் தோண்டுவது. கிழங்கை எடுத்தால் செடியே காலி. துருக்கியில் இதை ஏற்றுமதி செய்யவே தடை.

வியாசர்பாடி தம்பி, பி.எஸ்சி. பாட்டனி: ஆர்க்கிட்ல மட்டும் ஏன் சார் இவ்ளோ பினான்த்ரீன், பைபென்சில்?

நல்ல கேள்வி. (மத்தவங்களுக்கு: இரண்டுமே பென்சீன் வளையங்கள் கொண்ட தாவரப் பொருட்கள்.) ஆர்க்கிட் விதை தூசி மாதிரி, உள்ளே சேமிப்பு உணவே கிடையாது. மண்ணில் இருக்கிற பூஞ்சை உள்ளே புகுந்து ஊட்டினால்தான் முளைக்கும். ஆனால் அதே பூஞ்சையை எல்லை தாண்ட விட்டால் செடியையே தின்றுவிடும். வாடகைக்கு வந்தவன் பட்டா கேட்கிற கதை. அதனால் கிழங்குக்குள் வராமல் தடுக்கச் சில இனங்கள் ஆர்கினால் என்ற பொருளைச் சுரக்கும். அதுவே ஒரு டைஹைட்ரோபினான்த்ரீன், அதாவது பினான்த்ரீன் வகை. டென்ட்ரோபியத்தில் கிடைக்கிற மஸ்காட்டிலின், ஜைகன்ட்டால் எல்லாம் பைபென்சில்கள், இதன் உறவுக்காரர்கள். ஆய்வகத் தட்டில் புற்றணுவைக் கொன்றது என்று பேப்பரில் படித்தால் உடனே ஃபார்வர்ட் பண்ணாதே. தட்டில் கொன்றது உடம்பில் கொல்லணும் என்று கட்டாயமில்லை.

திருவொற்றியூர் அம்மா: எங்க மாமரத்துல ஒட்டிக்கிட்டு வளருது, இதுதான் ராஸ்னான்னு ஒருத்தர் சொல்றார்.

வாந்தா டெசலேட்டா என்ற ஆர்க்கிட்டாக இருக்கலாம், போட்டோ அனுப்புங்க. ராஸ்னா என்பது ஆயுர்வேத மருந்துச் சரக்கு; வங்காளத்தில் இந்த ஆர்க்கிட்டின் வேரை அப்படிச் சொல்வார்கள். தெற்கே அந்தப் பேரில் கொடுப்பது பேரரத்தை, இஞ்சிக் குடும்பம். செடியே வேற, சரக்கும் வேற.

பெரம்பூர் தம்பி: வெனிலா ஐஸ்கிரீம்?

வெனிலாவும் ஆர்க்கிட்தான். பச்சைக் காயில் வாசனை கிடையாது. வெனிலின் சர்க்கரையோடு கட்டுண்டு கிடக்கும். பதப்படுத்தும்போது நொதி அதைப் பிரித்துவிடும். நீ சாப்பிடுகிற கப்பில் இருப்பது பெரும்பாலும் ஆலையில் செய்த வெனிலின். 1874லேயே செயற்கையாகச் செய்துவிட்டார்கள்!