தலைமையாசிரியரும் சாப்பாடும் படிப்பை மாற்றுமா?

நல்ல கல்விக்குப் பள்ளித் தலைமையும் சத்தான உணவும் உண்மையிலேயே அவ்வளவு முக்கியமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், முதலில் வயிறு. பசியோடு வந்து உட்காரும் குழந்தைக்கு எவ்வளவு நல்ல ஆசிரியர் கிடைத்தாலும் கவனம் நிற்காது. இரும்புச்சத்தும் குறைந்துவிட்டால் சோர்வு சேர்ந்துகொள்ளும், அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டிவிடுகிறோம், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பள்ளியில் உணவு கொடுத்தால் சேர்க்கை 9 சதவீதமும் வருகை 8 சதவீதமும் கூடுவதாக யுனெஸ்கோ 2025இல் சொன்னது. கஷ்டப்படும் வீட்டில் அந்த ஒரு வேளைச் சாப்பாடே பிள்ளையை அனுப்பக் காரணமாகிவிடும்.

சரி, தலைமை எங்கே வருகிறது? யுனெஸ்கோவின் 2024 உலகக் கல்வி அறிக்கையின் கருப்பொருளே அதுதான். பள்ளிக்குள் கற்றலைத் தீர்மானிப்பதில் ஆசிரியருக்கு அடுத்த இடம் தலைமையாசிரியருக்கு. ஆனால் பல இடங்களில் அவர் நேரம் கோப்பு, கணக்கு, சுற்றறிக்கை என்றே போய்விடுகிறது. வகுப்பில் உட்கார்ந்து பாடத்தைக் கவனித்து, பிறகு ஆசிரியரோடு மனம்விட்டுப் பேச அவருக்கு நேரம் கொடுக்க வேண்டும். அப்புறம், தண்ணீர் சுத்தமா, உணவு நேரத்துக்கு வருகிறதா, எந்தப் பிள்ளை சாப்பிடாமல் ஒதுங்கி நிற்கிறது என்று பார்ப்பவர் இருந்தால்தான் உணவுத் திட்டம் தட்டு வரைக்கும் வந்து சேரும்.