லஞ்ச் மேஜையில் பிரேடியைப் பற்றி வாய்விட்ட தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்காக ஒருமுறை சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலியிலிருந்து பாஸ்டன் வந்து ஐந்து மாதம் ஆகிறது. ஆபீஸில் சாப்பிடும்போது பேச்சு இந்த ஊர் அமெரிக்கக் கால்பந்து அணி பேட்ரியட்ஸ் பக்கம் போக, நாமும் ஏதாவது பேசுவோமே என்று, அதன் பழைய நட்சத்திர வீரரைப் பற்றி, "டாம் பிரேடி பந்தில் காற்றை இறக்கி மாட்டிக்கொண்டவர்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். மேஜையே அமைதியாகிவிட்டது, இண்டியானாவிலிருந்து வந்த ஒருவர் மட்டும் சிரித்தார், உங்கள் டீம் லீட் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. பத்து வருடத்துக்கு முந்தைய பந்துக்கு இவ்வளவு கோபமா, நான் கேட்டது அவ்வளவு பெரிய தப்பா என்கிறீர்கள்.

தப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் அவருக்கு நிச்சயம் வலித்திருக்கும். நான் இந்த ஊருக்கு வந்து 17 வருடம் ஆகிறது, அந்தக் குளிர்காலத்தில் இங்கேயேதான் இருந்தேன். உங்களிடம் வந்து சேர்ந்திருப்பது முதல் வாரத்துத் தலைப்புச் செய்தி மட்டும்தான். இங்கே இருப்பவர்கள் அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் அதிலேயே கிடந்து உழன்றார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

2015 ஜனவரி 18, ஃபாக்ஸ்பரோவில் ஜில்லெட் ஸ்டேடியம். சீசனின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலுக்கு முந்தைய ஆட்டம், எதிரணி இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ். இந்த விளையாட்டில் ஒரு விசித்திரம் உண்டு, ஒவ்வொரு அணியும் தான் தாக்கி ஆடும்போது தன்னுடைய பந்தையே பயன்படுத்தும். பந்தை வீசும் வீரரான குவாட்டர்பேக் தன் கைக்குப் பிடித்த மாதிரி பந்தைத் தேய்த்துப் பழக்கி வைத்துக்கொள்ளலாம், அதற்கு விதியே இடம் கொடுக்கிறது. காற்றழுத்தம் மட்டும் சதுர அங்குலத்துக்கு 12.5 முதல் 13.5 பவுண்டுக்குள் இருக்க வேண்டும். சிலருக்குக் கெட்டியான பந்து பிடிக்கும், ஆரன் ராட்ஜர்ஸ் என்ற இன்னொரு குவாட்டர்பேக் அப்படித்தான். பிரேடிக்குக் கொஞ்சம் மெத்தென்று இருக்க வேண்டியிருந்தது, அவர் கேட்டது 12.5. இரண்டாவது கால் பகுதியில் பிரேடி வீசிய ஒரு பந்தை கோல்ட்ஸ் வீரர் பறித்தார், அந்தப் பந்தில் காற்று குறைவாக இருப்பதாக கோல்ட்ஸ் தரப்பில் சொன்னார்கள். இடைவேளையில் நடுவர்கள் பேட்ரியட்ஸ் பந்துகள் பதினொன்றை அளந்தார்கள், பதினொன்றும் 12.5-க்குக் கீழே. கோல்ட்ஸ் பந்துகளில் நான்கை மட்டும் அளந்தார்கள், அதற்குள் இடைவேளை முடிந்துவிட்டது. இந்த நான்கு என்ற எண்ணை மறந்துவிடாதீர்கள். பேட்ரியட்ஸ் பந்துகளுக்குக் காற்றடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். இடைவேளையில் 17–7 என்றிருந்த ஆட்டம் 45–7 என்று முடிந்தது. அதாவது காற்று சரியாக இருந்த பந்தில்தான் பேட்ரியட்ஸ் இன்னும் 28 புள்ளி அடித்தது. இதை உங்கள் டீம் லீட் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

இரண்டே நாளில், 12 பந்தில் 11 பந்துகளில் தலா 2 பவுண்டு குறைவு என்று ஒரு பெரிய விளையாட்டுச் சேனலின் நிருபர் வெளியிட்டார். அது தவறு. பெரும்பாலான பந்துகளில் குறைவு ஒரு பவுண்டைச் சுற்றித்தான் இருந்தது. ஆனால் சரியான அளவுகள் மே மாதம்தான் வெளியே வந்தன, அதற்குள் நாடு முழுக்கத் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டது. உங்கள் காதுக்கு வந்ததும் அந்த முதல் எண்ணிலிருந்து கிளம்பிய பேச்சுதான்.

இப்போது அந்த ஒரு பவுண்டுக்கு வருகிறேன். நீங்கள் கார் வாங்கிவிட்டீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அக்டோபர் கடைசியில் ஒரு நாள் காலையில் வண்டியைக் கிளப்பும்போது டயர் பிரஷர் விளக்கு மஞ்சளாக எரியும். டயரில் ஓட்டை இருக்காது, யாரும் காற்றைப் பிடுங்கியிருக்கவும் மாட்டார்கள், குளிர்ந்த காற்று சுருங்கியிருக்கும், அவ்வளவுதான். அன்று பந்தை அளந்தது 70 டிகிரி ஃபாரன்ஹீட்டைச் சுற்றி இருந்த அறையில், விளையாடியது 50 டிகிரியைச் சுற்றி இருந்த மழை நாளில். பிளஸ் ஒன்னில் படித்த வாயு விதிதான். போடும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள், கேஜ் காட்டும் 12.5-ஐ அப்படியே போட்டால் விடை தப்பாக வரும், வெளிக்காற்றின் அழுத்தம் 14.7-ஐயும் கூட்டி 27.2 என்று வைத்துத்தான் போட வேண்டும். முதல் வாரத்தில் டிவியில் வந்து குளிரால் இவ்வளவு குறையவே குறையாது என்று அடித்துச் சொன்ன சிலர் சறுக்கியது இந்த இடத்தில்தான். சரியாகப் போட்டால் ஒரு பவுண்டுக்குக் கொஞ்சம் மேலே தானாகவே இறங்க வேண்டும். இந்தப் போட்டிகளை நடத்தும் லீக் (என்எஃப்எல்) நியமித்த விசாரணைக் குழுவின் அறிக்கையே 11.32-க்கும் 11.52-க்கும் நடுவில் இருக்கலாம் என்று கணக்குச் சொல்கிறது. இடைவேளையில் இரண்டு கேஜ்களில் அளந்தார்கள், ஒன்றில் பேட்ரியட்ஸ் பந்துகளின் சராசரி 11.49, மற்றதில் 11.11. முதல் கேஜை நம்பினால் குற்றமே இல்லை, இரண்டாவதை நம்பினால் சந்தேகம். ஆட்டத்துக்கு முன்னால் எந்த கேஜில் அளந்தார்கள் என்று தலைமை நடுவருக்கு ஒரு நினைவு இருந்தது, அவர் சொன்னது முதல் கேஜை. அறிக்கை மற்றதைத்தான் பயன்படுத்தியிருப்பார் என்று முடிவு செய்தது. அந்த முதல் அளவுகளை யாரும் ஒரு தாளில் குறித்து வைக்கவும் இல்லை. கோல்ட்ஸ் பந்துகளைக் கடைசியில் அளந்தார்கள், அதற்குள் அவை அறைச் சூட்டில் கொஞ்சம் தேறியிருக்கும். அப்படியும் ஒரு கேஜில் அந்த நான்கில் மூன்று 12.5-க்குக் கீழே காட்டியது.

சரி, அப்படியானால் பேட்ரியட்ஸ் முழுக்க நிரபராதிகளா? என்னால் அப்படிச் சொல்ல முடியாது தம்பி. நான் இந்த அணியை மனதார நேசிக்கிறவன், ஆனாலும் அந்த 243 பக்க அறிக்கையில் என்னை உறுத்தும் இடங்கள் உண்டு. நடுவர் அறை ஊழியர் ஒருவர், நடுவரிடம் சொல்லாமல் பந்துப் பையைத் தூக்கிக்கொண்டு கழிப்பறைக்குள் போய் ஒரு நிமிடம் நாற்பது விநாடி கழித்து வெளியே வந்திருக்கிறார். அவர் தன்னையே 'டிஃப்ளேட்டர்' (காற்றை இறக்குபவர்) என்று அழைத்துக்கொண்ட குறுஞ்செய்தி இருக்கிறது, அது உடல் எடை குறைப்பதைப் பற்றியது என்று அணி கொடுத்த விளக்கத்தை நான் அன்றும் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை. விசாரணை நடந்த சமயத்தில் பிரேடியின் பழைய கைபேசி அழிக்கப்பட்டது. இதையெல்லாம் வைத்துக்கொண்டு அறிக்கை சொன்னது, ஊழியர்கள் வேண்டுமென்றே செய்திருக்கவே வாய்ப்பு அதிகம், பிரேடிக்குப் பொதுவாகவாவது தெரிந்திருக்கும் என்பதுதான். 'வாய்ப்பு அதிகம்', 'பொதுவாகவாவது தெரிந்திருக்கும்' என்ற இந்த இரண்டு சொற்றொடர்களை வைத்து நான்கு ஆட்டத் தடை, அணிக்கு 10 லட்சம் டாலர் அபராதம், வீரர் தேர்வில் முதல் சுற்று வாய்ப்பு ஒன்றும் நான்காம் சுற்று வாய்ப்பு ஒன்றும் பறிப்பு. சந்தேகப்படக் காரணம் இருந்தது, தண்டிக்க இது போதாது, என் கருத்து இதுதான்.

அப்புறம் நீதிமன்றம். தண்டனை கொடுத்தது லீக், மேல்முறையீட்டைக் கேட்டதும் அதே லீக்கின் ஆணையர் ராஜர் குடெல். 2015 செப்டம்பரில் நீதிபதி பெர்மன் தடையை ரத்து செய்தார், அன்று எங்கள் தெருவில் கார் ஹாரன் சத்தம் ஓயவில்லை. 2016 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2–1 என்று தடையை மீண்டும் கொண்டுவந்தது. நிறையப் பேர் தப்பாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. பிரேடி காற்றை இறக்கச் சொன்னாரா என்று அந்த நீதிமன்றம் ஆராயவே இல்லை. வீரர் சங்கத்தோடு போட்ட ஒப்பந்தப்படி ஆணையருக்கு அந்த அதிகாரம் இருந்ததா என்று மட்டும் பார்த்தார்கள், இருந்தது என்றார்கள். கோர்ட்டே குற்றவாளி என்று சொல்லிவிட்டதே என்று உங்கள் இண்டியானா நண்பர் வாதாடினால், பணிவாக இதைச் சொல்லுங்கள்.

என்னை இன்றுவரை கோபப்படுத்துவது வேறு ஒன்று. அடுத்த சீசனில் லீக் பந்துகளுக்கு எண் போட்டு, சில ஆட்டங்களில் இடைவேளையிலும் அளந்தது. குளிர் நாட்களில் எல்லா அணிகளின் பந்தும் எவ்வளவு இறங்குகிறது என்று அந்த ஒரு பட்டியலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அந்த அளவுகளை லீக் வெளியிடவே இல்லை. ஒருவர் பெயரை ஒன்றரை வருடம் சந்திக்கு இழுத்துவிட்டு, உண்மை தெரியக்கூடிய அளவுகளைக் கையில் வைத்துக்கொண்டு காட்டாமல் விட்டதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

வெளியூர்க்காரர்கள் ஏன் நம்ப மாட்டார்கள் என்பதற்கும் நியாயம் இருக்கிறது. 2007-இல் எதிரணியின் சைகைகளைப் படம் பிடித்து இதே பேட்ரியட்ஸ் மாட்டியது, பயிற்சியாளர் பெலிசிக்குக்கு மட்டும் 5 லட்சம் டாலர் அபராதம். ஒருமுறை கை வைத்தவன் மறுமுறை வைக்க மாட்டானா என்று நியூயார்க்கிலும் இண்டியானாபொலிஸிலும் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு எங்களிடம் நல்ல பதில் இல்லை.

உங்கள் டீம் லீட் முகம் ஏன் மாறியது என்பதை என் பக்கத்து வீட்டுப் பெரியவரை வைத்துச் சொல்கிறேன். அந்தக் குளிர்காலம்தான் பாஸ்டன் வரலாற்றிலேயே அதிகப் பனி கொட்டியது, மொத்தம் 108 அங்குலத்துக்கும் மேல். வாரத்துக்கு இரண்டு முறை அவரும் நானும் வாசலில் பனி அள்ளுவோம், மண்வெட்டியை முதுகு வலிக்காமல் எப்படிப் பிடிப்பது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். நின்று மூச்சு வாங்கும்போதெல்லாம் பந்துப் பேச்சு. பேட்ரியட்ஸ் தோற்றுக்கொண்டே இருந்த காலத்தில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு காலியான இருக்கைகளுக்கு நடுவே உட்கார்ந்து பார்த்தவர். அப்பா போன பிறகுதான் வெற்றிகள் வந்தன. "என் அப்பா பார்க்காததை நான் அவருக்காகப் பார்த்தேன், அதைத் திருட்டு என்கிறார்கள்" என்று ஒருநாள் சொன்னார், குரல் உடைந்துவிட்டது. அன்றிலிருந்து எனக்கு அது வெறும் பந்து சமாச்சாரமாகத் தெரியவில்லை.

நமக்கும் இது தெரியாத வலி இல்லையே. அதே 2015 ஜூலையில்தான் லோதா குழு சென்னை சூப்பர் கிங்ஸை இரண்டு வருடம் தடை செய்தது. அந்த மாதக் கடைசியில் இங்கே குடெல் பிரேடியின் தடையை உறுதி செய்தார். அங்கே பிரச்சினை பந்தய விவகாரம், பந்து இல்லை, இரண்டும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. ஆனால் மஞ்சள் சட்டை போட்ட ஒரு பையனிடம் "ஃபிக்ஸிங் டீம்தானே" என்று யாராவது சொன்னால் அவனுக்கு எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும், நீங்களே 2018-இல் அணி திரும்பி வந்து கோப்பையைத் தூக்கியபோது அழுதேன் என்று ஒருமுறை எழுதியிருந்தீர்கள். உங்கள் டீம் லீட் அந்தப் பையன்தான், சட்டை மட்டும் நீலம்.

பிரேடியும் அப்படித்தான் திரும்பி வந்தார். 2016 சீசனின் முதல் நான்கு ஆட்டம் வெளியே உட்கார்ந்தார், அதில் மூன்றை அணி வென்றது. 2017 பிப்ரவரி 5, ஹூஸ்டனில் சூப்பர் பவுல், அட்லாண்டாவுக்கு எதிராக 28–3 என்று பின்தங்கிக் கிடந்து, கூடுதல் நேரத்தில் 34–28 என்று வென்றார்கள். கோப்பையைக் கொடுக்க வேண்டியவர் குடெல். மேடையில் அவர் வாயைத் திறந்ததும் அரங்கம் கூச்சலிட்டதை டிவியில் கேட்டபோது எங்கள் தெருவே ஜன்னலைத் திறந்துவைத்துக் கத்தியது.

இனி என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். தனியாகப் போய் பெரிதாக மன்னிப்பு கேட்க வேண்டாம், இங்கே அது அவருக்கும் சங்கடமாக இருக்கும். காபி எடுக்கப் போகும்போது, "அன்று முழு விவரம் தெரியாமல் கேட்டுவிட்டேன், நீங்கள் அதை எப்படிப் பார்க்கிறீர்கள்?" என்று கேளுங்கள், போதும். அவர் சொல்வதை ஏற்கவேண்டியதும் இல்லை, உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் இருக்கட்டும், எனக்கே இருக்கிறது. இண்டியானா நண்பரையும் விட்டுவிடாதீர்கள், அவர் அணி அன்று 38 புள்ளி வித்தியாசத்தில் தோற்றது, அவருக்கும் ஒரு கதை இருக்கும். பேச்சு கொஞ்சம் இலகுவானதும் டீம் லீடிடம் இன்னொன்று கேளுங்கள், 28–3 ஆனபோது டிவியை அணைத்தீர்களா என்று. என் பக்கத்து வீட்டுப் பெரியவர் அணைத்துவிட்டு மாடிக்குப் படுக்கப் போய்விட்டார், அவர் மனைவிதான் கீழிருந்து கத்தி எழுப்பினார்.