கமிட்டி கடிதம் வந்ததும் ராஜினாமா எழுதாதீங்க, தம்பி

ஊர் அம்பாசமுத்திரம், படிச்சது நம்ம ஹைகிரவுண்டு திருநெல்வேலி மெடிக்கல் காலேஜுன்னு வாட்ஸ்அப் குரூப்ல போட்டிருந்தீங்க, அதான் எழுதுதேன். அமெரிக்காவில் டாக்டரா வேலைக்குச் சேர்ந்த சூட்டோடு, பியர் ரிவ்யூ கமிட்டி, அதாவது கூட வேலை பார்க்கிற டாக்டர்களே நம்ம வைத்தியத்தைப் பரிசீலிக்கிற குழு, அதுகிட்டேர்ந்து கடிதம் வந்திருக்கு, வம்பு வேண்டாம்னு விலகிரலாமா, பனிக்கு எந்தக் கார் நல்லதுன்னு கேட்டிருக்கீங்க. கார் எதுன்னாலும் ஓடும். விலக மட்டும் செய்யாதீங்க.

வழக்கமான கேஸ் பரிசீலனையா, உங்க மேல முறையான விசாரணையான்னு முதல்ல எழுத்தில் கேளுங்க. விசாரணை நடக்கும்போது விலகினா நேஷனல் பிராக்டிஷனர் டேட்டா பேங்குக்குப் போயிரும், டாக்டர்கள் மேல வர்ற நடவடிக்கையைப் பதிஞ்சு வைக்கிற மத்திய அரசுப் பதிவேடு. 1990-லேர்ந்து இருக்கு அது. எந்த ஆஸ்பத்திரியும் ஆளை எடுக்கும்போது அதைப் பார்த்தே ஆகணும், அப்புறம் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா. "சத்தங்காட்டாம வேற ஊர் போயிரு"ன்னு சொல்லுத நம்ம சீனியர்மாருக்கு இது தெரியாது.

அந்த வாட்ஸ்அப் குரூப்ல கேஸைப் பத்தி ஒரு வரி போடாதீங்க. கமிட்டிக்குள்ள பேசுறதுக்குத்தான் மாநிலச் சட்டம் காப்பு, வாட்ஸ்அப்புக்குக் கிடையாது. ஃபுளோரிடாவில் 2004-ல் ஓட்டுப் போட்டு நோயாளிக்கே இந்த மாதிரிப் பல பதிவுகளைத் திறந்துட்டாங்க. நோயாளியைப் பத்தி எழுதின பழைய நோட்ஸ்ல ஒரு எழுத்தும் சேர்க்கக் கூடாது.

பியர் ரிவ்யூவுக்கான 1986 மத்திய சட்டப்படி, நியாயமா விசாரிச்ச கமிட்டிக்காரங்ககிட்ட நஷ்டஈடு வாங்க முடியாது. அதுக்கு அவங்க உங்களுக்கு நோட்டீஸ் தரணும், 30 நாளாவது அவகாசம் விட்டு ஹியரிங் வைக்கணும், வக்கீலை விடணும். நிறம் பார்த்து ஒதுக்கினதா சிவில் உரிமை வழக்குப் போட்டா இந்தச் சட்டம் அவங்களைக் காப்பாத்தாது. ஆனா சார்ட்டே (நோயாளியோட சிகிச்சைக் குறிப்பு) எழுதாதவனும் அதையே சொல்லிட்டுத் திரியுதான், எனக்கு எரிச்சலா வரும்.

ஊர்ல நம்ம சீஃப் ரவுண்ட்ஸ்லயே நோயாளி முன்னால கிழிப்பாரு. மத்தியானம் டீ வாங்கித் தந்து மறந்திருவாரு. இங்க சிரிச்சுக் கைகொடுத்துட்டுக் கடிதம் அனுப்புவாங்க. என் முதல் கமிட்டிக்குப் போனப்ப மேசையில் சாண்ட்விச் தட்டு இருந்துச்சு, ஒருத்தரும் தொடலை. நான் ஒண்ணை எடுத்துத் தின்னுட்டு, சார்ட்டை விரிச்சு மணி வாரியா சொன்னேன். ஃபைலை மூடிட்டாங்க. இப்ப அதே மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருதேன். நம்ம பையங்க வந்ததும் எழுந்து நின்னு "சாரி சார்"ங்காங்க. எதுக்குவே சாரி? உட்கார்ந்து கேஸைச் சொல்லுங்க.

வக்கீல் செலவை உங்க மால்பிராக்டிஸ் இன்சூரன்ஸ் (சிகிச்சைத் தவறு வழக்குக்கான காப்பீடு) தருமான்னு பாலிசியைப் பாருங்க, சிலதுல உண்டு. வீட்டுக்கு இப்பவே சொல்லாதீங்க. அம்மைகிட்டச் சொன்னா விடியுறதுக்குள்ள கல்லிடைக்குறிச்சி வரைக்கும் போயிரும்.