எத்தியோப்பியாவில் வேலை பார்த்துவிட்டு ராணிப்பேட்டை திரும்பினால் சொந்த ஊரே அந்நியமாகத் தெரிவது ஏன்?

இதை மறு பண்பாட்டு அதிர்ச்சி என்பார்கள். வெளிநாட்டுக்குப் பழகிய உடம்பும் மனசும் ஊர் திரும்பியதும் தடுமாறுவதுதான் அது.

அங்கே முதலில் யோசித்து யோசித்துச் செய்தது சில மாதத்தில் தானாக வரும் பழக்கமாகிவிடும், காரணம் அவ்வளவுதான். எத்தியோப்பியாவில் மணிக்கணக்கு விடியலில் தொடங்கும்: நம் காலை 7 மணி அவர்களுக்கு 1 மணி. வருடத்துக்கு 13 மாதம். தலைநகர் ஆதிஸ் அபாபா சுமார் 2,300 மீட்டர் உயரம் என்பதால் தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும்; குக்கர் இல்லாவிட்டால் பருப்பு லேசில் வேகாது. காபி என்றால் பச்சைக் கொட்டையை எதிரிலேயே வறுத்து, இடித்து, மூன்று சுற்று ஊற்றுவார்கள். முதல் சுற்றோடு எழுந்து போவது மரியாதை இல்லை. அந்த நிதானத்தோடு வந்தவருக்கு வேலூர் பேருந்து நிலையத்தில் நின்றபடி டீயை விழுங்குவது கஷ்டம்தான்.

ஆம்பூர் ஷூ மாதிரி. புது ஜோடி காலுக்குப் படிந்துவிடும். இரண்டு வருடம் பெட்டியில் கிடந்து விறைத்த பழைய ஜோடிதான் கடிக்கும். தினம் கொஞ்சம் போட்டு நடந்தால் இளகிவிடும்.

'அந்த ஊர்ப் பெருமையே பேசுறான்' என்று வீட்டில் சலித்துக்கொள்வார்கள். பல நேரம் அது பீற்றல் இல்லை, அங்கே பழக்கிவிட்டவர்கள் மேலுள்ள நன்றி.