அவன் சொன்னது உங்கள் காதுக்கு எப்படி வந்தது?

கேள்வி: என் மகனுக்கு வயது 19. கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து சரியாகத் தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை. பக்கத்துத் தெருவில் ‘சைக்காலஜிஸ்ட்’ போர்டைப் பார்த்து அனுப்பினேன். அவன் பேசியதையெல்லாம் அன்று மாலையே அவர் எனக்கு போனில் சொல்லிவிடுவார். இது மகனுக்குத் தெரிந்துபோய், இனி யாரிடமும் போகமாட்டேன் என்கிறான். இவர் முறையாகப் படித்தவர்தானா, எப்படிக் கண்டுபிடிப்பது?
- ஒரு தாய், திருச்சி

பதில்: படிப்பு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாக, அதாவது மனநலப் பிரச்சினைகளுக்கு மருந்தில்லாமல் சிகிச்சை தருபவராகத் தொழில் செய்பவர், 1992-ம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் (சுருக்கமாக ஆர்.சி.ஐ.) பதிவு செய்திருக்க வேண்டும். ‘ஆர்.சி.ஐ. நம்பர் என்ன?’ என்று தயங்காமல் கேளுங்கள். பதிவில்லாமல் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். (ஆயிரம் ரூபாய்! ஒரு முறை உட்கார்ந்து பேசவே அதற்கு மேல் வாங்குகிறவர்கள் உண்டு.) வெறும் ‘சைக்காலஜிஸ்ட்’, ‘கவுன்சலர்’ போர்டுகள் இந்தச் சட்டத்தில் நழுவிவிடும். அவர்களையும் பதிவுக்குள் கொண்டுவரத்தான் 2021-ல் தனிச் சட்டம் போட்டார்கள். ஆனாலும் போர்டை மட்டும் நம்பிவிட முடியாது; எங்கே படித்தார், யாரிடம் பயிற்சி எடுத்தார் என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் அவரிடம் போவதை உடனே நிறுத்திக்கொள்ளுங்கள். மாத்திரை எழுதுவது மனநல மருத்துவரின் வேலை.

சரி, அவரிடம் நம்பர் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அந்த போன் அப்போதும் தப்புதான். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு குறையும் இல்லையே! அவர் சொல்லச் சொல்ல உங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும், புரிகிறது. ஆனால் 19 வயதுப் பையன் சட்டப்படி பெரியவன். ஃபீஸ் கட்டியது நீங்கள் என்றாலும், பேசிய பேச்சு அவனுடையது. 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு இந்த ரகசியத்தை அவனுடைய உரிமை என்கிறது. அவனுடைய உயிருக்கோ அடுத்தவருக்கோ ஆபத்து, நீதிமன்ற உத்தரவு என்று சில விலக்குகள் உண்டு. ‘ஹாஸ்டலில் யாரோடு சண்டை’ என்பது அதில் வராது.

முதலில் மகனிடம், ‘நான் கேட்டுக்கொண்டிருந்தது தப்பு’ என்று சொல்லிவிடுங்கள். அடுத்த ஆளை அவனே தேடட்டும். ‘எங்கம்மா போன் செய்தால் என்ன சொல்வீர்கள்?’ என்று முதல் நாளே அவன் கேட்கலாம்; நல்லவர்கள் இதற்குக் கோபப்பட மாட்டார்கள். அதுவரை 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசில்லை. சாவைப் பற்றிப் பேசினால் மட்டும் எதற்கும் காத்திருக்காமல் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.

அந்த ஆள் பதிவு பெற்றவர் என்றால் கவுன்சிலுக்குப் புகார் எழுதலாம். பட்டியலிலிருந்து பெயரை நீக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. ஆனால் மகனைக் கேட்காமல் எழுதாதீர்கள்.