மனம் திட்டும்போது எந்தப் பாட்டு?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். அலுவலகத்தில் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டு அனுப்பிவிட்டேன். மேலதிகாரி அதைத் திருத்திவிட்டு அன்றே மறந்துவிட்டார். என்னால்தான் மறக்க முடியவில்லை. ‘நீ எதுக்குமே லாயக்கில்லை’ என்று உள்ளே ஒரு குரல் ராத்திரியெல்லாம் ஓடுகிறது. தோழி ஒருத்தி தன்னம்பிக்கைப் பாடல்களாகத் தொகுத்து அனுப்பினாள். எல்லாமே ‘என்னால் முடியாதது இல்லை’ என்கிற ரகம். கேட்கக் கேட்க இன்னும் சுருங்கிப் போகிறேன். பாட்டுகூடத் தேற்ற முடியாத அளவுக்கு என்னிடம் ஏதாவது கோளாறா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

அன்புள்ள வாசகிக்கு,

உங்களிடம் கோளாறு எதுவும் இல்லை. இந்தச் சமயத்துக்கு ஏற்ற பாடல்கள் இவை இல்லை, அவ்வளவுதான். 2009இல் ஜோஆன் வுட் என்ற உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ‘நான் அன்புக்குரிய ஆள்’ என்ற பொருளில் ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துப் பார்த்த ஆய்வு அது. ஏற்கெனவே தங்களைக் குறைவாக மதிப்பவர்களில், அதைச் சொன்னவர்கள் சொல்லாதவர்களைவிட மோசமாக உணர்ந்தார்கள். மனம் நம்பாத ஒன்றைச் சொல்லச் சொன்னால் அது வாதாட வந்துவிடுகிறது. ‘அப்படியா, அந்தக் கணக்கில் என்ன பண்ணினாய், சொல்லட்டுமா?’ என்று பழைய கோப்புகளை எல்லாம் எடுத்துப் போடுகிறது. உங்களுக்கு நடப்பதும் இதுதான் என்று நினைக்கிறேன்.

இசைச் சிகிச்சையில் 1940களிலிருந்து புழங்கும் ஒரு வழி உண்டு. ஐரா ஆல்ட்ஷூலர் என்ற மருத்துவர் சொன்னது. ஆள் எந்த மனநிலையில் இருக்கிறாரோ அதே மனநிலையில் உள்ள இசையில் தொடங்க வேண்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இசையை மாற்றிக்கொண்டு போக வேண்டும். சோர்ந்திருப்பவருக்கு எடுத்த எடுப்பிலேயே துள்ளல் பாட்டு வேண்டாம். எனக்கு இந்த முறை மிகவும் பிடிக்கும். வருத்தத்தை ‘முதலில் வெளியே போ’ என்று விரட்டாமல், ‘சரி, உட்கார்’ என்று இடம் கொடுக்கிறது. தாழ்ந்த குரலில், அவசரமில்லாத தாளத்தில் ஒரு பாட்டு, அப்புறம் சற்றே வெளிச்சமான ஒன்று, அப்புறம் இன்னொன்று. மூன்று நான்கு பாடல்கள் போதும்.

ஒரே சோகப் பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு அதிலேயே கிடப்பது மட்டும் வேண்டாம். சிலருக்கு அது உள்ளே திட்டும் குரலுக்குப் பின்னணி இசையாகிவிடுகிறது. பாட்டு முடிந்ததும் மூச்சு தளர்ந்திருக்கிறதா, இல்லை பழைய விசாரணை மறுபடி தொடங்கிவிட்டதா என்று பாருங்கள். தொடங்கிவிட்டால் அடுத்த பாட்டுக்குப் போய்விடுங்கள்.

வரிகளைத் தேர்ந்தெடுக்கும்போது, ‘நான்’ என்று முழங்கும் பாட்டைவிட ‘நீ’ என்று கூப்பிட்டுப் பேசும் பாட்டு இப்போது உதவும். ஈதன் கிராஸ் என்ற உளவியலாளரின் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வுகளில், பதற்றமான வேளையில் ‘நான்’ என்று யோசித்தவர்களைவிடத் தன்னைப் பெயர் சொல்லியோ ‘நீ’ என்றோ அழைத்துப் பேசிக்கொண்டவர்கள் நன்றாகச் சமாளித்தார்கள். நம் தாலாட்டுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். அழும் பிள்ளையிடம் ‘நீ பெரிய வீரன்’ என்று தொடங்குவதில்லை. யார் அடித்தது, ஏன் அழுகிறாய் என்று முதலில் கேட்கிறது. அந்தக் கேள்வியை உங்களிடம் நீங்களே கேட்டு எத்தனை நாளாகிறது?

தன்கருணை, அதாவது தன்னிடமே இரக்கம் காட்டுவது பற்றி 2003 முதல் எழுதிவரும் உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப், அதில் மூன்று அம்சங்களைச் சொல்கிறார். தன்னிடம் கனிவு, இது எல்லா மனிதருக்கும் நேர்வதுதான் என்ற உணர்வு, வலியை ஊதிப் பெருக்காமலும் மறைக்காமலும் பார்ப்பது. நடுவில் உள்ளதைப் பாட்டைப்போல எதுவும் தருவதில்லை. உங்கள் மனத்தில் இருப்பதை அப்படியே முன்பின் தெரியாத ஒருவர் எழுதி, இன்னொருவர் மெட்டமைத்து, வேறொருவர் பாடியிருக்கிறார். இந்த வலி உங்களுக்கு மட்டும் வந்தது இல்லை என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

அடுத்து, கேட்பதோடு நிற்காமல் நீங்களே முனகிப் பாருங்கள். குரல் நன்றாக இருக்க வேண்டியதில்லை. பிடித்த மெட்டு ஒன்றை, உதடுகளை மூடிக்கொண்டு, உள்ளங்கையை நெஞ்செலும்பின் மேல் வைத்து மெதுவாக முனகுங்கள். கையில் அதிர்வு தெரியும். முனகும்போது வெளிமூச்சு தானாக நீளும். நீண்ட வெளிமூச்சு இதயத் துடிப்பைத் தணிக்கும். அதன் பிறகு அதே மெட்டில் உங்கள் பெயரைப் போட்டு, உங்களால் நம்ப முடிகிற சொற்களை மட்டும் வையுங்கள். ‘தப்பு நடந்துபோச்சு, வலிக்குது, காலையில பார்த்துக்கலாம்’ என்கிற அளவுக்கு இருந்தால் போதும். ‘நான் சிறந்தவள்’ இப்போதைக்கு வேண்டாம்.

தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டாலோ, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றினாலோ, பாட்டை மட்டும் நம்பி இருக்காதீர்கள். தாமதிக்காமல் ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள்.

இந்த மெட்டை ராத்திரிக்கென்று ஒதுக்கிவிடவும் வேண்டாம். மனம் லேசாக இருக்கிற பகல் வேளைகளில், பாத்திரம் கழுவும்போதோ நடக்கும்போதோ பாடிப் பழக்கிவிடுங்கள். நிம்மதியோடு சேர்ந்து பழகிய மெட்டுதான் தேவையான நேரத்தில் சட்டென்று வாயில் வரும்.

அன்புடன்.