அறையில் தொட்டி சரி, தண்ணீர் எங்கிருந்து?

கேள்வி: நான், கணவர், 68 வயது மாமியார் மூவரும் ஜப்பான் போகிறோம். ஹகோனேயில் ஓர் உயர்தர ரியோகானில் (ஜப்பானியப் பாரம்பரிய விடுதி) இரண்டு இரவு தங்க ஏஜென்ட் ஏற்பாடு செய்கிறார். பொதுக் குளியலில் ஆடையில்லாமல் இறங்க எனக்கு மனம் வராது. அதைச் சொன்னதும், அறையிலேயே திறந்தவெளி வெந்நீர் ஊற்றுத் தொட்டி உள்ள அறை இரவுக்கு 75,000 யென், இல்லாத அறை 52,000 யென் என்றார். கூடுதல் பணம் தகுமா? மூவரும் சைவம். அதையும் "சொல்லியாச்சு" என்கிறார். (வாசகி, சேலம்)

பதில்: நீங்கள் 75,000 யென்னை அறை வாடகை என்று நினைத்திருக்கிறீர்கள் என்றுதான் உங்கள் கேள்வியிலிருந்து தெரிகிறது. ரியோகானில் விலை வழக்கமாக அறைக்கு இல்லை, தலைக்கு. இரவு உணவும் காலை உணவும் சேர்ந்த கட்டணம் அது. மூன்று பேர், இரண்டு இரவு என்றால் 4,50,000 யென். தொட்டி இல்லாத அறைக்கு 3,12,000. ஆக அந்தத் தொட்டிக்காக நீங்கள் தரப்போவது 1,38,000 யென். இந்தப் பெருக்கலை ஏஜென்ட் கடைசி பில்லில்தான் காட்டுவார். இப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். மூவராக ஒரே அறையில் தங்கினால் தலைக்கட்டணம் இருவருக்கானதைவிடக் கொஞ்சம் குறைவதுண்டு. அந்தக் குறைப்பு உங்களுக்கு வருகிறதா, நடுவில் நின்றுவிடுகிறதா என்றும் பாருங்கள்.

இனி தொட்டி. ஜப்பானிய விளம்பரங்களில் இந்த அறைக்கு 'ரோதென்புரோ ட்ஸுகி' என்று பெயர். திறந்தவெளித் தொட்டி உடையது என்று மட்டும்தான் அதற்குப் பொருள். ஊற்றுத் தண்ணீர் என்ற உறுதி அந்தப் பெயரில் இல்லை. 'ஒன்சென் ரோதென்புரோ ட்ஸுகி' என்று இருந்தால்தான் ஊற்று. ஒன்சென் என்றால் வெந்நீர் ஊற்று. அந்த ஒரு சொல் மொழிபெயர்ப்பில் சுலபமாக ஒட்டிக்கொள்கிறது, காணாமலும் போகிறது. சில ரியோகான்களில் பெரிய பொதுக் குளியலில் அசல் ஊற்றுநீர் ஓடும்; அறைத் தொட்டியில் குழாய்த் தண்ணீரைக் கொதிகலனில் சூடாக்கி விட்டிருப்பார்கள். இதற்கு அவர்கள் மொழியில் 'சரயு' என்று பெயர். நமக்குச் சரயு புண்ணிய நதி, அங்கே வெறும் சுடுதண்ணீர்! இது சட்டவிரோதம் இல்லை. கேட்டால் விடுதிக்காரர்கள் மறைக்காமல் சொல்லிவிடுவார்கள். கேட்காமல் போகிறவர்தான் ஏமாறுகிறார்.

கேட்க வேண்டியது மூன்றே கேள்வி. அறைத் தொட்டியில் வருவது ஒன்சென்னா, சரயுவா, 'ஜின்கோ ஒன்சென்' எனப்படும் தாது கலந்த செயற்கை நீரா? அது ஊற்றிலிருந்து வந்து விழுந்து வழிந்து ஓடிவிடுகிறதா (இதை 'கென்சென் ககெநாகாஷி' என்பார்கள்), வடிகட்டித் திரும்பச் சுற்றிவருகிறதா? நாள் முழுக்கச் சூடாக இருக்குமா, நாம் திறந்து நிரப்ப வேண்டுமா? பதில் விடுதியின் மெயிலிலிருந்தே வர வேண்டும். ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பும் கட்டைவிரல் படம் பதிலாகாது.

இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருப்பதே எரிச்சலான விஷயம். 1948-ஆம் ஆண்டு ஒன்சென் சட்டப்படி, நிலத்திலிருந்து வரும் நீர் 25 டிகிரி இருந்தாலே ஒன்சென்தான். அவ்வளவு சூடு இல்லாவிட்டாலும், பட்டியலில் உள்ள 19 பொருள்களில் ஒன்று குறிப்பிட்ட அளவுக்கு இருந்தால் போதும். 25 டிகிரி என்பது சேலத்தில் கிணற்றுத் தண்ணீர். 2004-இல் நாகானோ மாகாணத்து ஷிராஹோனே ஊற்றூரில் நீர் வெள்ளையாகத் தெரியக் குளியல் பொடி கலந்தது வெளியே வந்து ஊரே நாறியது. அதற்கடுத்த ஆண்டுதான் தண்ணீர் சேர்க்கிறார்களா, சூடேற்றுகிறார்களா, சுற்றிவிடுகிறார்களா, மருந்து கலக்கிறார்களா, ஏன் என்று எழுதி வைக்கும் கட்டாயம் வந்தது. நல்ல விதி. ஆனால் அந்த அட்டை எங்கே தொங்கும்? உடைமாற்றும் அறைச் சுவரில், ஜப்பானிய மொழியில். பணம் கட்டி, வந்து இறங்கி, உடையைக் களைந்து நிற்பவர் படிக்கத்தான் அது. முன்பதிவுப் பக்கத்தில் போட வேண்டிய கட்டாயம் இல்லை.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சொல்லியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் அந்த அட்டையைப் படம்பிடித்து மொழிபெயர்த்துப் பார்த்துவிட்டு, ஏமாற்றிவிட்டார்கள் என்று வரவேற்பு மேசையில் போய் நிற்பீர்கள். சூடேற்றுவதும் தண்ணீர் சேர்ப்பதும் எப்போதும் மோசடி இல்லை. 30 டிகிரியில் வரும் ஊற்றைச் சூடேற்றாமல் வெந்நீர்க் குளியல் போட முடியாது. கொதிக்கக் கொதிக்க வரும் ஊற்றில் பெரும்பாலும் பச்சைத் தண்ணீர் சேர்க்காமலும் முடியாது. குசாட்சு என்ற ஊற்றூரில், நீர்த்துவிடக் கூடாது என்று சுமார் 180 சென்டிமீட்டர் நீளப் பலகையால் தண்ணீரைக் கிளறிக் கிளறி ஆற்றும் வழக்கம் உண்டு. எல்லா விடுதியிலும் அதை எதிர்பார்க்காதீர்கள். ஹகோனே விஷயம் இன்னும் விசித்திரம். கோரா, செங்கொகுஹாரா பக்கத்து விடுதிகளில் பெரிதாக விளம்பரம் செய்யப்படும் பால்நிற கந்தக நீர், ஓவாகுதானி எரிமலைப் பள்ளத்தில் சீறிவரும் நீராவியில் தண்ணீரைச் செலுத்தி உண்டாக்கி, குழாய் வழியே விடுதிகளுக்கு அனுப்பப்படுவது. 'ஸோசெய் ஒன்சென்', அதாவது உண்டாக்கிய ஊற்று என்று அதற்குப் பெயர். ஆளே உண்டாக்கினாலும் கந்தகம் எரிமலையுடையது, சட்டப்படியும் ஒன்சென்தான். 2015-இல் எரிமலை குமுறியபோது இந்த நீர் வரத்தே தடைபட்டது. ஆகவே அட்டையில் 'ஸோசெய்' என்று பார்த்தால் சண்டை வேண்டாம். 'ஜின்கோ' என்று பார்த்தால், ஊற்று என்று சொல்லி விற்றவரிடம் சண்டை போடலாம்.

சுற்றிவிடும் நீரும் தன்னளவில் குற்றமில்லை. குளோரின் வாடை இருக்கும், அவ்வளவுதான். சரியாகப் பராமரிக்காவிட்டால்தான் ஆபத்து. வாரம் ஒருமுறை மாற்ற வேண்டிய தண்ணீரை ஆண்டுக்கு இரண்டே முறை மாற்றிய ஒரு பழைய ரியோகான் 2023-இல் ஃபுகுவோகாவில் மாட்டியது. நுரையீரலைப் பாதிக்கும் லெஜியோனெல்லா கிருமி அங்கே அளவுக்கு மீறிக் கிடந்தது.

தண்ணீர் அசலாகவே இருக்கட்டும். உங்கள் கூச்சத்துக்கு அந்த அறை மருந்தாகுமா? படத்தில் தொட்டியையும் மலையையும்தான் காட்டுவார்கள். எந்தப் பக்கம் கண்ணாடி என்று காட்டமாட்டார்கள். பல அறைகளில் தொட்டி பால்கனியில் இருக்கும், அறைக்கும் அதற்கும் நடுவே முழு உயரக் கண்ணாடிக் கதவு. நீங்கள் குளிக்கும்போது மாமியாரும் கணவரும் அந்தப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். உள்ளிருந்து இழுத்துவிடத் திரை உண்டா, உடை மாற்றத் தனி இடம் உண்டா என்று கேளுங்கள். இருவராகப் போகும் தம்பதிக்கு இது பிரச்சினை இல்லை. மூவருக்குப் பெரிய பிரச்சினை.

அதனால் என் யோசனை: தொட்டி இல்லாத அறையை எடுங்கள், 'கஷிகிரி புரோ' உள்ள விடுதியாகப் பாருங்கள். கஷிகிரி என்றால் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ஒரு குடும்பம் மட்டும் குளிக்கும் தனிக் குளியலறை. ஒரு முறைக்கு 40 முதல் 50 நிமிடம் தருவார்கள். சில விடுதிகளில் இலவசம், மற்றவற்றில் சில ஆயிரம் யென். ஒரு தடவைக்கு 4,000 என்றே வைத்தாலும், நீங்களும் மாமியாரும் தனித்தனியாக இரண்டு நாளும் குளிக்க 16,000 யென்தான் ஆகும். எங்கே 1,38,000, எங்கே 16,000? ஏஜென்ட் இதைப் பற்றி மூச்சு விடாததற்குக் காரணம் நீங்களே ஊகிக்கலாம். அங்கும் இதே ஊற்றுக் கேள்விகளைக் கேளுங்கள். மாலை நேரங்கள் முதலில் தீரும். முன்பதிவின்போதே நேரம் தருவார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் மூன்று மணிக்குச் செக்-இன் ஆனதும் முதல் வேலையாக நேரத்தைப் பிடியுங்கள்.

பில்லில் 'ஒன்சென் வரி' என்று ஆயிரக்கணக்கில் இருந்தால் கேள்வி கேளுங்கள். குளியல் வரி பொதுவாக ஆளுக்கு ஒரு நாளைக்கு 150 யென். உங்கள் மூவருக்கும் இரண்டு நாளுக்குச் சேர்த்து 900.

சைவத்துக்கு வருவோம். "சொல்லியாச்சு" என்றால் பெரும்பாலும் முன்பதிவுப் படிவத்தில் ஒரு கட்டத்தில் டிக் அடித்தாயிற்று என்று பொருள். ரியோகான் சமையலின் அடித்தளம் 'தாஷி' என்ற ரசநீர், அது பெரும்பாலும் கட்சுவோபுஷி எனப்படும் காய்ந்த மீன் சீவலில் செய்தது. மீன் துண்டு கண்ணில் படாது. மிசோ சூப், வேகவைத்த காய், தெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு, சோபா நூடுல்ஸ் குழம்பு எல்லாவற்றிலும் அது இருக்கும். முட்டையில் செய்யும் சவன்முஷியிலும் உண்டு. "வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் மீனை எடுத்துவிட்டு அதே தாஷியில் பூசணியை வேகவைத்து, அழகான தட்டில் கொண்டுவருவார்கள். அவர்கள் மனதில் அது சைவம்தான். எனவே மெயிலில் இப்படி எழுதச் சொல்லுங்கள்: இறைச்சி, மீன், இறால் வகை, முட்டை (சாப்பிடமாட்டீர்கள் என்றால்) வேண்டாம், கட்சுவோ தாஷியும், காய்ந்த சிறுமீனில் செய்யும் நிபோஷி தாஷியும் வேண்டாம், கொம்பு என்ற கடற்பாசியிலோ ஷிடாகே காளானிலோ செய்த தாஷி என்றால் சம்மதம். பணம் கட்டும் முன்பே இது போக வேண்டும். முடியாது என்று பதில் வந்தால் அதுவும் நேர்மையான பதில், வேறு விடுதி பாருங்கள். முடியும் என்று சொன்ன விடுதிக்கு ஒரு வாரம் முன்பு மீண்டும் ஒருமுறை நினைவூட்டுங்கள். அங்கே போய் உட்கார்ந்த பிறகு மாற்றச் சொன்னால் வெறும் சோறும் ஊறுகாயும்தான் மிஞ்சும். ஊறுகாயின் மேலேயும் சில சமயம் மீன் சீவல் தூவியிருக்கும்.

இரவு உணவு ஆறு, ஆறரைக்கே தொடங்கிவிடும். சொன்ன நேரத்துக்குள் போய்ச் சேராவிட்டால் உணவு போகும், பணம் திரும்பாது. அன்றைக்கு ரத்து செய்தால் பெரும்பாலும் முழுக் கட்டணமும் போகும். விடுதியின் ரத்து விதி வேறு, ஏஜென்ட் விதி வேறு. இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள்.

மாமியாருக்குத் தரையில் விரிக்கும் மெத்தையிலிருந்து எழுவது கஷ்டமென்றால் கட்டில் உள்ள 'வயோஷிட்சு' அறை கேளுங்கள், உணவுக்கு நாற்காலி மேசையும் கேளுங்கள். தண்ணீர் 40 முதல் 42 டிகிரி இருக்கும். இறங்கும் முன் காலிலிருந்து மேலாக வெந்நீரை மொண்டு ஊற்றிக்கொண்டு, ஐந்து நிமிடத்தில் மெல்ல எழுந்துவிடட்டும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர் என்றால் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

தொட்டியில் இறங்கும் முன் ஸ்டூலில் உட்கார்ந்து சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும், கஷிகிரியிலும் இதே முறைதான். தலையில் தேங்காய் எண்ணெய் இருந்தால் அலசிவிட்டுக் கூந்தலை மேலே முடிந்துகொள்ளுங்கள். தாலி மஞ்சள் கயிற்றில் இருந்தால் தண்ணீரில் நிறம் இறங்கும், செயினுக்கு மாற்றிக்கொண்டு போவது நல்லது. ஆனால் 22 காரட் தங்கத்திலும் செம்பு, வெள்ளிக் கலப்பு உண்டு, கந்தக நீரில் பளபளப்பு மங்கலாம். மெட்டியையும் கொலுசையும் அறையிலேயே கழற்றி வையுங்கள். ஓவாகுதானி நீர் வரும் விடுதியில் வெள்ளி ஒரே குளியலில் கறுத்துவிடும். மறந்து இறங்கிவிட்டால் பதற வேண்டாம். ஊருக்கு வந்து ஒரு கிண்ணத்தில் அலுமினியத் தாளைப் போட்டு, மெட்டியை அதன்மேல் படும்படி வைத்து, ஒரு ஸ்பூன் சோடா உப்பும் கொதிநீரும் ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள், கறுப்பு பெரும்பாலும் போய்விடும்.